தொப்பி போட்டவர் உயிரோடு இருக்கிறார்

"கையை மேல தூக்குங்க. ரெண்டு கையையும்."

மாஸ்டர் தூக்கினார். வலது கையில் செல்போன். அதன் திரையில் 'அனுப்பு' என்ற நீலப் பொத்தான், இன்னும் அழுத்தப்படாமல் பளபளத்தது. காவலாளி இரண்டே எட்டில் பாய்ந்து வந்து, பாம்பின் வாலைப் பிடிப்பவனைப் போல இரண்டு விரலால் அந்தப் போனைப் பிடுங்கிக்கொண்டான்.

"அமுக்கிட்டீங்களா?"

"இல்லீங்க. அமுக்கப் போனேன்."

"தப்பிச்சீங்க. உள்ள தொப்பி போட்டிருக்காங்க."

மாஸ்டர் அப்போதுதான் சுற்றிலும் பார்த்தார். அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் கைகளை மேலே தூக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்கள். தோள் பிடித்துக்கொண்ட ஒரு பெரியவருக்கு, அவர் மனைவி தன் கைகளோடு சேர்த்து அவர் கையையும் தாங்கிப் பிடித்திருந்தாள். பல நாள் பழக்கம் போலிருந்தது. யார் முகத்திலும் வியப்பு இல்லை. வியர்வை மட்டும் இருந்தது. அத்தனை அக்குளும் திறந்து கிடந்ததால் கூடம் முழுக்க அந்த வாடைதான்.

மாஸ்டருக்குத் தொழில், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. இருபது வருடமாக, ஓட்டத் தெரியாதவர்களின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து உயிர் பிழைத்தவர். அதனால் பதற்றம் வந்தால் வலது கால் தானாக ஒரு பிரேக்கைத் தேடும். இப்போதும் தரையை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தார். எதுவும் நிற்கவில்லை.

அவருடைய மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. மாஸ்டருடையது பொருந்தியது. அறுவை சிகிச்சை நாளைக் காலையில். டாக்டர் தயார், மேஜை தயார், மாஸ்டரும் தயார். ஒன்றே ஒன்றுதான் பாக்கி: உறுப்பு தான ஒப்புதல் வாரியத்தின் அனுமதி. கணவன் மனைவிக்குக் கிட்னியைப் பாசத்தால்தான் தருகிறான், காசுக்காக அல்ல என்று இந்த வாரியம் ஒரு மெயில் அனுப்ப வேண்டும்.

"ஆபீஸ் மூடுறதுக்குள்ள அந்த மெயில் எனக்கு வந்தாகணும் மாஸ்டர்," என்று ஆஸ்பத்திரி ஒருங்கிணைப்பாளர் அம்மா காலையில் சொல்லியிருந்தார். "வரலைன்னா நாளைக்கு மேஜை அடுத்தவங்களுக்குப் போயிடும். மறுபடி தேதி கிடைக்கிற வரைக்கும் உங்க வீட்டம்மா தாங்குவாங்கன்னு என்னால சொல்ல முடியாது. ஊசி குத்த அவங்க கையில இனி நரம்பு இல்ல."

மாஸ்டர் மனு அனுப்பி ஐந்து மாதம் ஆகிறது. அனுப்பிய கணமே 'தங்கள் கடிதம் பத்திரமாகக் கிடைத்தது' என்று பதில் வந்தது. அதோடு சரி. இன்று வாரியத்தின் கூடத்தில் உட்கார்ந்தே ஒரு நினைவூட்டல் மெயில் அனுப்பப் போனதில்தான் காவலாளி பாய்ந்தான். கிணற்றில் போட்ட கல்லுக்காவது ஒரு சத்தம் கேட்கும்.

"முதல் தடவையா?" என்று பக்கத்து நாற்காலியிலிருந்து ஒருவர் கேட்டார். தூக்கிய கைகளில் முழங்கை வரை அடுப்புச் சூட்டுத் தழும்புகள். காது மடலில் கொஞ்சம் மைதா. பேக்கரி வைத்திருக்கிறாராம்.

"ஆமாண்ணே. என்ன இது, கொள்ளைக்காரன் வந்த பேங்கு மாதிரி?"

"மரியாதையாப் பேசுங்க மாஸ்டர். இங்க தொழில்நுட்பம் நடந்துக்கிட்டு இருக்கு."

பேக்கரிக்காரர் விளக்கினார். அவர் நிறையத் தடவை வந்தவர்.

வாரியத்தில் காகிதம் கிடையாது. எல்லாமே மெயில். ஆனால் அந்த மெயில்களையெல்லாம் வாரியம் தொடங்கிய நாளிலிருந்து ஒரே ஒரு கோப்பில்தான் சேர்த்து வைக்கிறார்கள். சரக்கு ரயிலில் பெட்டி மாட்டுவதுபோல, ஒரு கடிதத்தின் வாலில் அடுத்த கடிதம். எல்லோருக்கும் ஒரே கோப்பு. சுவரிலும் அதுதான் எழுதியிருந்தது: 'ஒரே வாரியம், ஒரே கோப்பு'. ஒருவர் அதைத் திறந்து எதையாவது அழித்துக்கொண்டிருக்கும்போது இன்னொரு கடிதம் உள்ளே வந்தால், ஒன்றின் மேல் ஒன்று விழுந்து இரண்டும் நாசம். மற்ற ஊர்களில் இதற்குக் கம்ப்யூட்டரே பூட்டுப் போட்டுக்கொள்ளும். இங்கே மெயிலை வாங்கும் சர்வர் ஒரு கட்டடத்தில், அதை எழுதி வைக்கும் டிஸ்க் தெருவுக்கு அந்தப் பக்கத்துக் கட்டடத்தில், நடுவில் ஒரு நீளக் கம்பி. அந்தக் கம்பி வழியாகப் பூட்டு சரியாக விழுவதில்லை.

"அதனால?"

"அதனால தொப்பி. சிவப்புத் தொப்பி. அதைப் போட்டிருக்கிறவர்தான் கோப்பைத் திறந்து திருத்தலாம். மத்த அதிகாரிங்க எல்லாம் கம்ப்யூட்டர்ல கை படாம மேல தூக்கிக்கணும். நாமளும் தூக்கிக்கணும். தொப்பி போட்டிருக்கிற நேரத்துல பொதுமக்கள் மெயில் அனுப்பினா குற்றம்."

"வெளியில இருக்கிறவனுக்கு எப்படிண்ணே தெரியும்?"

"மொட்டை மாடியில சிவப்புக் கொடி ஏத்துவாங்க."

"வெளியூர்க்காரன்?"

"கொடி ஏத்தியாச்சுன்னு அவங்களுக்கு மெயில் அனுப்புவாங்க."

மாஸ்டரின் கால் ஒருமுறை பலமாக பிரேக்கை மிதித்தது.

எங்கோ ஒரு மணி அடித்தது. எல்லோரும் கையை இறக்கினார்கள். காவலாளி செல்போனைத் திருப்பித் தந்தான். 'அனுப்பு' பொத்தான் இருந்த இடத்தில் ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருந்தான்.

பேக்கரிக்காரரின் முறை வந்தது. அதற்குள் மாஸ்டரின் அவசரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்த அவர் எழுந்திருக்கவில்லை.

"நீங்க போங்க மாஸ்டர். உங்களுக்கு இன்னைக்கே முடிஞ்சாகணும். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

"உங்களுக்கு யாருக்குண்ணே?"

"தம்பிக்கு. குடுக்கிறது நான்."

"தம்பி இப்ப எப்படி இருக்கார்?"

"தம்பிக்கு இப்ப ஒரு தொந்தரவும் இல்ல," என்றார் பேக்கரிக்காரர். "நானும் கூட வர்றேன். தனியாப் போனா உங்களை இங்க தொலைச்சுடுவாங்க."

*

வரும் கடிதங்களைக் கவனிக்கும் வரவு அலுவலர் ஒரு பெண்மணி. மேஜை மேல் ஆறேழு டீக் கோப்பைகள். ஒவ்வொன்றின் அடியிலும் காய்ந்த வளையம். அவற்றுள் ஒன்றில் பல் குத்திய குச்சிகள் ஊறிக்கொண்டிருந்தன.

மாஸ்டர் தன் போனிலிருந்த பதிலைக் காட்டினார். "பாருங்க மேடம். 'பத்திரமாகக் கிடைத்தது'ன்னு நீங்களே அனுப்பியிருக்கீங்க."

"ஆமா. கிடைச்சுது."

"அப்ப இருக்கணும்ல?"

"கிடைச்சதுன்னுதானே சொன்னோம். வெச்சிருக்கோம்னு சொன்னோமா?"

மாஸ்டர் பேக்கரிக்காரரைப் பார்த்தார். அவர் கூரையைப் பார்த்தார்.

அலுவலர் பொறுமையாக விளக்கினார். கடிதம் வந்ததும் சர்வர் அதைக் கையில் வாங்கிக்கொள்ளும். அப்போதே 'கிடைத்தது' என்று பதில் போட்டுவிடும். பிறகு நேரம் கிடைக்கும்போது டிஸ்க்கில் எழுதும். நடுவில் கரண்ட் போனால் கையில் இருந்தது கையோடு போகும். "எழுதின பிறகு பதில் போட்டா லேட்டாகும். எங்க பதில் வேகத்துக்கு விருது வாங்கியிருக்கோம்."

"என்னோடது டிஸ்க்குக்குப் போச்சா, போகலையா?"

அவர் கம்ப்யூட்டரில் பெயரைத் தேடினார். "போயிருக்கு. இதோ உங்க பேரு, உங்க மெயில் விலாசம். ஆனா கடிதம் காலி. வெத்துக் கடிதம் அனுப்பியிருக்கீங்க."

"ரெண்டு பக்கம் எழுதினேங்க."

"என்னன்னு ஆரம்பிச்சீங்க?"

"பள்ளிக்கூடத்துல சொல்லிக்குடுத்த மாதிரிதான். மேல 'அனுப்புநர்'னு போட்டு, பேரு விலாசம். அப்புறம் 'பெறுநர்'. அப்புறம் 'ஐயா'."

"அதான் விஷயம்," என்றார் அலுவலர், நோயைக் கண்டுபிடித்த டாக்டரைப் போல நிம்மதியாக. "ஒரே கோப்புல இத்தனை கடிதம் இருக்கு. எது எங்க முடியுது, எது எங்க ஆரம்பிக்குதுன்னு சர்வருக்கு எப்படித் தெரியும்? ஒரு வரி 'அனுப்புநர்'னு ஆரம்பிச்சா, புதுக் கடிதம்னு எடுத்துக்கும். சர்வரே ஒவ்வொரு கடிதத்துக்கும் தலையில அந்த வார்த்தையைப் போடும். நீங்களும் உள்ள போட்டுட்டீங்க. அது அந்த இடத்துல வெட்டிடுச்சு. தலை இங்க இருக்கு. உள்ள நீங்க எழுதின பேரு விலாசத்தை அது தலையா ஏத்துக்காம அழிச்சுடும். உடம்பு தலையில்லாத கடிதமாயிடுச்சு."

"சரிங்க. அந்த வார்த்தையை எடுத்துட்டு மறுபடி அனுப்புறேன்." மாஸ்டர் பிளாஸ்திரியை உரிக்கத் தொடங்கினார்.

"எடுக்கக் கூடாது. 'அனுப்புநர்'னு முறைப்படி தொடங்காத மனு செல்லாது. விதி இருக்கு."

"போட்டா வெட்டுது. போடலைன்னா செல்லாது."

"ஆமா."

"இந்த ரெண்டு விதியையும் யாருங்க போட்டது?"

"ரெண்டும் ஒரே சுற்றறிக்கைதான்," என்றார் அலுவலர் பெருமையாக. "ஒரே கையெழுத்து."

"அப்ப இதுவரைக்கும் ஒழுங்கா எழுதின ஒருத்தனுடைய மனுவும் உங்களுக்கு முழுசா வந்ததில்லையா?" என்று பேக்கரிக்காரர் கேட்டார்.

"ஒழுங்கில்லாம எழுதினவங்களுடையது முழுசா வரும். ஆனா அது மனுவே இல்ல."

உடம்பைத் தேட வேண்டுமானால் கீழ்த்தளத்தில் அனாதைப் பிரிவுக்குப் போகலாம் என்று வழி காட்டினார்.

படிக்கட்டில் மாஸ்டரின் போன் அடித்தது. மனைவி. பின்னால் டயாலிசிஸ் இயந்திரத்தின் உறுமல் கேட்டது.

"வந்துச்சா?"

"வந்துக்கிட்டே இருக்கு."

"பொய் சொல்லும்போது உங்க குரல் செகண்ட் கியர்ல போகுது."

"வந்துடும்மா. ஒரு சின்ன வேலைதான் பாக்கி."

"வரலைன்னாலும் பரவால்லீங்க. சாப்டீங்களா?"

"பரவால்லன்னு மட்டும் சொல்லாத," என்றார் மாஸ்டர். அதற்கு மேல் பேசினால் கியர் மாறிவிடும் என்று போனை வைத்தார்.

*

அனாதைப் பிரிவு அதிகாரி சாந்தமானவர். ஈரம் ஏறி உப்பிய சுவரோரம் உட்கார்ந்திருந்தார். சுவரின் பூசணமும் அவருடைய ஸ்வெட்டரும் ஒரே நிறம். கரண்ட் போய் வரும்போதெல்லாம் டிஸ்க் தன்னைத் தானே பரிசோதித்துக்கொண்டு, பேரும் ஊரும் இல்லாமல் கிடக்கும் துண்டுகளை ஒரு மூலையில் குவித்து வைக்குமாம். சர்வர் வெட்டிப் போடும் உடம்புகளும் இங்கேதான் வரும். தலைகளை உடம்புகளோடு பொருத்துவது அவர் வேலை.

"எதை வெச்சுப் பொருத்துவீங்க?" என்று மாஸ்டர் கேட்டார்.

"அனுபவம்தான். கல்யாணத் தரகர் மாதிரி. பார்த்ததும் மனசுக்கு ஒரு இது வரும்."

மாஸ்டரின் பெயரைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. "உங்களுடையதா? உங்களுக்கு எப்பவோ பொருத்திக் குடுத்து, நடவடிக்கையே முடிஞ்சாச்சே. இதோ."

திரையில் மாஸ்டரின் பெயர் இருந்தது. கீழே மனு: 'இரண்டாம் மாடிக் கழிப்பறையில் குழாய் பல மாதமாக ஒழுகுகிறது. அவசரம் கருதி மாற்றித் தரவும்.' அதற்கும் கீழே: 'பரிசீலிக்கப்பட்டது. குழாய் மாற்றப்பட்டது.'

"இது என் மனு இல்லைங்க. நான் கேட்டது கிட்னி."

"அவசரம்னு இருந்துச்சு. ஒழுகுதுன்னும் இருந்துச்சு. பொருந்தின மாதிரிதான் தோணுச்சு."

"அப்ப என் உடம்பு எங்க?"

அதிகாரி தேடினார். கொஞ்ச நேரம் ஆயிற்று. "அது குழாய் மனு போட்ட நம்ம பராமரிப்புப் பிரிவு மேஸ்திரி தலையில சேர்ந்திருக்கு. அவர் தன்னோட ஒரு கிட்னியை உங்க மனைவிக்கு மனமுவந்து தர்றதா வருது. விசாரணைக்குக் கூப்பிட்டோம். உங்க மனைவி மேல அவருக்கு என்ன பாசம்னு ஒருநாள் முழுக்கக் கேட்டோம். மனுஷன் சொல்லவே இல்ல. பயந்துபோய் லீவுல போனவர் இன்னும் வரல."

"குழாய்?"

"அவர்தானே மாத்தணும். இன்னும் ஒழுகுது."

பேக்கரிக்காரர் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

"சார், இப்ப தெரிஞ்சுபோச்சுல்ல," என்று மாஸ்டர் கெஞ்சினார். "என் தலை, என் உடம்பு, ரெண்டும் உங்க கண்ணு முன்னாடியே இருக்கு. சேர்த்து விட்டுருங்க. சாயந்திரத்துக்குள்ள அனுமதி வரலைன்னா என் சம்சாரம் போயிடுவா."

"தாராளமா. அஞ்சு நிமிஷ வேலை. ஆனா நடுவுல ஒரு துண்டை எடுத்து மாத்தி வெக்கணும்னா முழுக் கோப்பையும் முதல்லேருந்து மறுபடி எழுதணும். ஒரு பல்லைப் பிடுங்கத் தாடையையே கழட்டி மாட்டுற மாதிரி. அதுக்குத் தொப்பி வேணும்."

"தொப்பி எங்க?"

அதிகாரி மேல்மாடிக்குப் போன் போட்டுக் கேட்டார். அவர் குரல் தாழ்ந்தது. "தொப்பி... ஆபீஸ்ல இல்ல."

*

துணை இயக்குநர் மதியம் பல் டாக்டரிடம் போயிருந்தார். தலையில் தொப்பியோடு. கழற்றி வைக்க மறந்துவிட்டார் என்று சொல்வது மரியாதையாக இருக்காது என்பதால், 'பூட்டு வெளிப்பணியில் உள்ளது' என்று பலகையில் எழுதியிருந்தார்கள்.

மேல்மாடி அறையில் ஏழெட்டு அதிகாரிகள் கைகளைத் தூக்கியபடி வட்டமாக நின்றிருந்தார்கள். ஒருவர் தூக்கிய கையிலேயே முறுக்கு மாதிரி எதையோ பிடித்திருந்தார். தின்ன முடியாமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். தொப்பி வெளியே போயிருப்பது தெரிந்த பிறகுதான் மொட்டை மாடியில் கொடி ஏறியது. கூடத்தில் மறுபடியும் அத்தனை அக்குளும் திறந்தன.

"இன்னொரு தொப்பி எடுத்துக்கக் கூடாதா?" என்று மாஸ்டர் கேட்டார்.

அறை அதிர்ந்தது. மூத்த அதிகாரி ஒருவர் குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார்: "ரெண்டு தொப்பி இருந்தா ஒரு தொப்பியும் இல்லாததுக்குச் சமம்."

அது உண்மைதான். அந்தக் கட்டடத்தில் அன்றைக்குப் பேசப்பட்ட ஒரே உண்மை அதுவாக இருக்கலாம்.

"அப்ப பூட்டை உடைக்கவே முடியாதா?"

"முடியும். விதி இருக்கு. பூட்டு வெச்சவர் உயிரோட இல்லைன்னு உறுதியாத் தெரிஞ்சா, பூட்டு செல்லாது."

"அவர் உயிரோட இருக்காரா இல்லையான்னு பாருங்களேன்."

இந்த யோசனை அவர்களுக்குப் பிடித்திருந்தது. போன் போட்டார்கள். ஒலிபெருக்கியில் வைத்தார்கள். பல் டாக்டரின் உதவியாளர் எடுத்து, துணை இயக்குநரின் காதருகே பிடித்தார்.

"ஐயா, வணக்கம். தாங்கள் உயிரோடு இருக்கிறீர்களா?"

"ஆஆ," என்றது போன். பின்னால் இயந்திரம் பல்லைக் குடைந்தது.

அதிகாரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இது 'ஆமாம்' என்பதன் தொடக்கமா, வெறும் வலியா என்று விவாதம் எழுந்தது. வலி இருந்தால் உயிர் இருக்கிறது என்றார் ஒருவர். விதியில் வலி என்ற சொல்லே இல்லை என்றார் மற்றவர். மீண்டும் கேட்டார்கள். மீண்டும் "ஆஆ." கடைசியில் கையைத் தூக்கியிருந்தவர்கள் கையைத் தூக்கியே வாக்களித்தார்கள். யாரும் இறக்காததால் ஏகமனதாக நிறைவேறியது: தொப்பி போட்டவர் உயிரோடு இருக்கிறார்.

ஒரு வழியாகத் தொப்பி வந்தது, ஒரு வாடகைக் காரில். மாஸ்டர் அதை அப்போதுதான் கண்ணால் பார்த்தார். சிவப்பாக இருந்திருக்க வேண்டும். வாரியம் தொடங்கிய நாளிலிருந்து எல்லாத் தலைகளும் போட்டுப் போட்டு, விளிம்பு முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக் கறுத்துப் பளபளத்தது. உள்ளே யார் யாருடையதோ முடி ஒட்டியிருந்தது. பொடுகு உதிர்ந்தது. கோப்பைப் போலவே அதையும் ஒருநாளும் துவைத்ததில்லை, துவைத்தால் அத்தனை நேரமும் பூட்டில்லாமல் போகுமே. அனாதைப் பிரிவு அதிகாரி அதைக் கண்ணில் ஒற்றித் தலையில் வைத்துக்கொண்டார். கோப்பைத் திறந்தார். மாஸ்டரின் தலையை எடுத்தார். உடம்பை எடுத்தார்.

விளக்குகள் அணைந்தன.

அரை நிமிடத்தில் திரும்ப வந்தன. அதிகாரி திரையை உற்றுப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"என்னாச்சுங்க?" என்றார் மாஸ்டர்.

"கோப்பு பாதிதான் இருக்கு," என்றார் அதிகாரி. "நீங்க அந்தப் பாதியில இல்ல."

*

இயக்குநரின் அறையில் கம்பளத்துக்கு அடியில் என்றைக்கோ தண்ணீர் தேங்கி அழுகிய நாற்றம். அதன் மேல் ரோஜா வாசனை தெளித்திருந்தார்கள். இரண்டும் சேர்ந்து குமட்டியது. சுவரில் ஒரு கேடயம்: 'நிலுவை இல்லா நிறுவனம்'.

ஆபீஸ் மூடும் நேரம் நெருங்கியிருந்தது. வெளியே நாற்காலிகளைக் கவிழ்த்து வைக்கும் சத்தம் கேட்டது.

"உக்காருங்க," என்றார் இயக்குநர். "உங்க வருத்தம் புரியுது. ஆனா ஒண்ணை நினைச்சுப் பாருங்க. நான் இயக்குநர், நீங்க மனுதாரர். இருந்தாலும் கோப்பு ஒண்ணுதான். என் கடிதமும் உங்க கடிதமும் அதுல தோளோட தோள் ஒட்டி நிக்குது. இந்தச் சமத்துவம் வேற எங்க கிடைக்கும்?"

"ஒட்டி நின்னதுல என் கடிதம் தலை வேற உடம்பு வேறயாப் போச்சுங்க."

"ஒற்றுமைன்னா சில இழப்பு இருக்கும். போன வருஷம் ஒரு எஞ்சினியர் வந்தான். ஒவ்வொரு கடிதத்துக்கும் தனித்தனி கோப்பு வெச்சுடலாம் சார், பூட்டே வேண்டாம், ஒண்ணு கெட்டா அது ஒண்ணுதான் கெடும்னான். கேக்க நல்லாத்தான் இருக்கும். யோசிச்சுப் பாருங்க. ஒண்ணு கெட்டா ஒண்ணுதான் கெடும்னா, மத்தவங்களுக்கு அதுல என்ன அக்கறை? இங்க ஒரு கடிதம் கெட்டா எல்லாமே கெடும். அதனாலதான் எல்லாரும் பொறுப்பா இருக்கோம்."

மாஸ்டரின் கால் கம்பளத்தை மிதித்தது. கம்பளம் சளக்கென்று நீர் கக்கியது.

"சோதிச்சும் பார்த்தோம்," என்று இயக்குநர் தொடர்ந்தார். "தனித்தனியா வெக்கச் சொன்னேன். முக்காவாசி டிஸ்க் காலியா இருக்கும்போதே, 'இனி புதுக் கோப்பு வெக்க முடியாது'ன்னுடுச்சு. எத்தனை கோப்பு தாங்கணும்னு டிஸ்க்கைத் தயார் பண்ணும்போதே ஒரு எண்ணிக்கை குடுக்கணுமாம். யாரோ ரொம்பக் கம்மியாக் குடுத்திருக்காங்க, அந்த முட்டாள் யாருன்னு அவன் எல்லார் முன்னாடியும் கேட்டான். குடுத்தது நான்தான். அவனை வேற ஊருக்கு மாத்திட்டேன். தனித்தனி கோப்பு உதவாதுன்னு அன்னைக்கே நிரூபணமாயிடுச்சு."

"சார், எனக்குக் கோப்பு வேண்டாம்," என்றார் மாஸ்டர். "அஞ்சு மாசமாக் காத்திருக்கேன். இன்னும் கொஞ்ச நேரத்துல என் மனைவியோட மேஜையை வேற யாருக்கோ குடுத்துடுவாங்க. உங்க தாமதத்தால ஒரு உயிர் போகப் போகுது."

தாமதம் என்ற சொல் இயக்குநரைச் சுட்டுவிட்டது. அவர் எழுந்து நின்றார்.

"தாமதமா? எங்களாலயா? அந்தக் கேடயத்தைப் பாருங்க. இந்த வாரியத்துல நிலுவைங்கிறதே கிடையாது. சட்டத்தைப் படிச்சிருக்கீங்களா? மனு கிடைச்சு ஒரு மாசத்துக்குள்ள வாரியம் மறுக்கலைன்னா, ஒப்புதல் குடுத்ததா அர்த்தம். தானாகவே. நாங்க எதுவும் அனுப்ப வேண்டியதில்ல."

மாஸ்டரின் கால் பிரேக்கைத் தேடுவதை நிறுத்தியது.

"அப்ப எனக்கு..." என்றார் மாஸ்டர்.

"உங்களுக்கு எப்பவோ கிடைச்சாச்சு. எல்லாருக்கும் கிடைச்சுடும். இதுவரைக்கும் ஒரு மனுவைக்கூட நாங்க மறுத்ததில்ல. மறுக்கணும்னா முதல்ல படிக்கணும்ல."

"இதை ஏன் சார் யாருக்கும் சொல்லல?"

"சொல்லாமலா? எல்லா ஆஸ்பத்திரிக்கும், எல்லா மனுதாரருக்கும் மெயில் அனுப்பினோமே. முறைப்படி, அதே கோப்பு வழியா, அனுப்புநர், பெறுநர் எல்லாம் போட்டு."

மாஸ்டர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். ஒருங்கிணைப்பாளர் அம்மா எடுத்தார். "மெயில் இன்னும் வரல மாஸ்டர். அடுத்தவங்களைக் கூப்பிடப் போறேன்."

"ஒரு நிமிஷம்மா. இயக்குநர் பேசுறார்." போனை நீட்டினார்.

இயக்குநர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "நான் போன்ல பேசுறதில்ல. எல்லாம் மெயில் மூலம்தான்."

அதுவரை சுவரோரம் நின்றிருந்த பேக்கரிக்காரர் நடந்துபோய்க் கதவைச் சாத்தினார். அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றார். காலையிலிருந்து பேச்சுக்குப் பேச்சு நையாண்டி செய்தவரின் முகத்தில் இப்போது எதுவும் இல்லை.

"பேசுங்க சார்."

இயக்குநர் அந்தத் தழும்பேறிய கைகளைப் பார்த்தார். போனை வாங்கினார். சட்டப் பிரிவைச் சொன்னார். மறுமுனையில் புத்தகம் புரளும் சத்தம். நீண்ட நேரம் புரண்டது.

"ஆமா, இருக்கு," என்றார் ஒருங்கிணைப்பாளர் அம்மா, மெல்ல. "என் அலமாரியிலயே இருந்திருக்கு இந்தப் புத்தகம். போனை மாஸ்டர்கிட்ட குடுங்க... மாஸ்டர், நாளைக்குக் காலைல ரெண்டு பேரும் வெறும் வயித்தோட வந்துடுங்க."

மாஸ்டர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஈரக் கம்பளத்தில். மனைவியைக் கூப்பிட்டு, "வந்துடுச்சும்மா" என்று மட்டும் சொன்னார். அந்தப் பக்கம் அவள் அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை, இயந்திரத்தின் உறுமல்தான் கேட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது பேக்கரிக்காரர் இயக்குநரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இந்தச் சட்டம் எப்பலேருந்து சார்?"

"வாரியம் ஆரம்பிச்ச அன்னைக்கேயிருந்து."

"மனு குடுத்து ஒரு மாசம் ஆனா போதும்?"

"அவ்வளவுதான். நீங்களும் மனுதாரர்தானா?"

மாஸ்டர் எழுந்து வந்து அவர் தோளைப் பிடித்தார். "அண்ணே, உங்களுக்கும் முடிஞ்சதுண்ணே. போனைப் போடுங்க உங்க ஆஸ்பத்திரிக்கு. இவரையே பேசச் சொல்லுவோம். தம்பிக்கும் நாளைக்கே பண்ணிடலாம்."

பேக்கரிக்காரர் கதவிலிருந்து முதுகை எடுக்கவில்லை.

"நான் அனுமதி கேட்டு வரல மாஸ்டர்," என்றார். "மனுப் போட்டு நாலு மாசம் வரைக்கும் தம்பி நல்லாத்தான் நடமாடிக்கிட்டு இருந்தான். கடையில வந்து நின்னு வியாபாரம்கூடப் பார்த்தான். அவன் செத்து இப்ப வருஷம் ஆகப் போகுது. 'நேரில் ஆஜராகவும், தவறினால் மனு ரத்து'ன்னு இவங்க சர்வர் இன்னும் வாராவாரம் அவன் பேருக்கு அனுப்பிக்கிட்டே இருக்கு. அவன் போன் இப்ப எங்க அம்மாகிட்டதான் இருக்கு. அதை நிறுத்துங்கன்னு சொல்லத்தான் நான் வந்துக்கிட்டிருக்கேன்."